ஆளில்லாத மேசையில் ஓடும் மெயில்

கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போனால் மெயில் மென்பொருளும் சும்மா இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். கீபோர்டிலும் மவுஸிலும் கொஞ்ச நேரம் கை படவில்லை என்றால், ஆள் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டு அது வரிந்துகட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிடும்.

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டூல்ஸ் மெனுவில் ஆக்டிவிட்டி மேனேஜர் என்று ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையாகப் போய்வந்து பாருங்கள். எந்த ஃபோல்டரைச் சரிபார்த்தது, எந்தக் கணக்கில் எத்தனை மெயிலை இறக்கியது, தேடலுக்காக எத்தனை மெயிலை இண்டெக்ஸ் (தேட உதவும் அட்டவணை) செய்தது என்று வரி வரியாக நிற்கும். பல வருடமாக நீங்கள் திறந்தே பார்க்காத ஏதோ ஒரு ‘பழைய ரசீதுகள்’ ஃபோல்டரின் பெயரும் அதில் இருக்கும். அதையும் விடாமல் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கும்.

மென்பொருளை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் இப்படி அமைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மெயில்களை இண்டெக்ஸ் செய்வது, சர்வரில் இருப்பதை டிஸ்க்கில் நகலெடுப்பது, நீக்கிய மெயில்கள் பிடித்துவைத்திருக்கும் இடத்தைக் காலி செய்வது எல்லாமே கொஞ்சம் கனமான வேலைகள். நீங்கள் ஒரு பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இவற்றைச் செய்தால் எழுத்து திக்கித் திக்கி விழும். அதனால் ஆள் நகரும்வரை காத்திருக்கிறது. கடைசி வேலையான ‘காம்பேக்ட்’ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். தண்டர்பேர்டின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒரு ஃபோல்டரின் மெயில்கள் எல்லாம் ஒரே நீளமான கோப்பில் அடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு மெயிலை நீக்கினால் அது அந்தக் கோப்பிலிருந்து உடனே போகாது, ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு குறி மட்டும் விழும். மிச்சமாகக்கூடிய இடம் ஓர் அளவைத் தாண்டியதும் (இப்போதைய பதிப்புகளில் அது 200 எம்பி) கோப்பை முழுவதுமாகப் புதிதாக எழுதும். இன்பாக்ஸ் 4 ஜிபி என்றால் ஏறக்குறைய அந்த 4 ஜிபியையும் படித்து, திரும்ப எழுத வேண்டும். யாரும் இல்லாத அறையில் மின்விசிறி திடீரென்று இரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சாரத்தில் செருகிய, வரம்பில்லாத இணைய இணைப்புள்ள கம்ப்யூட்டர் என்றால் இதையெல்லாம் அது ராத்திரியில் செய்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. காலையில் தேடல் வேகமாக இருந்தால் நல்லதுதான். ‘பின்னணி வேலையா, உடனே நிறுத்து’ என்று சொல்லும் ஆலோசனைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இண்டெக்ஸை அணைத்துவிட்டு, பிறகு ஒரு பழைய மெயிலைத் தேடி அரை மணி நேரம் அலைவதில் யாருக்கு என்ன லாபம்?

அதே வேலைகள் பேட்டரியிலும் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் நடந்தால் கதை வேறு. ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பல கருவிகளில் பார்க்கும் முறை) கணக்கைச் சேர்க்கும்போது, ‘இந்தக் கணக்கின் மெயில்களை இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு’ என்ற பெட்டியில் தண்டர்பேர்ட் தானாகவே டிக் போட்டுவிடுகிறது. அதற்குப் பொருள், தலைப்பும் அனுப்பியவர் பெயரும் மட்டும் போதாது, மெயில் முழுவதும், இணைப்புகள் உட்பட, இறங்கும் என்பது. இணைப்புக் கோப்புகள் மெயிலில் பேஸ்64 என்ற வடிவத்தில் போவதால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 15 எம்பி படம் 20 எம்பிக்கு மேல் டேட்டாவைத் தின்னும். நீங்கள் லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டு ஒரு கூட்டத்துக்குள் போகிறீர்கள். உள்ளே நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, வெளியே அது உங்கள் போன் டேட்டாவில் போன வருடத்து விளக்கப்படங்களை இறக்கிக்கொண்டிருக்கும்.

இதற்கான மருந்து அக்கவுண்ட் செட்டிங்ஸில், ‘சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பக்கத்தில் இருக்கிறது. மொத்தமாக டிக்கை எடுக்கலாம். ஆனால் அப்படி எடுத்தால் இணையம் இல்லாத நேரத்தில் பழைய மெயிலைத் திறக்க முடியாது. கடைசி 30 நாள் மெயில் மட்டும் போதும் என்று வைக்கலாம், அல்லது ‘அட்வான்ஸ்ட்’ பொத்தானுக்குள் போய் இன்பாக்ஸ், சென்ட் தவிர மற்ற ஃபோல்டர்களின் டிக்கை எடுத்துவிடலாம். நான் பின்னதைத்தான் சொல்வேன். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில், எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வரில் இருக்கும் கணக்குகளுக்கு இதே வேலையை ஒரு ஸ்லைடர் செய்கிறது. 3 நாளில் தொடங்கி ‘ஆல்’ வரை போகும். பயணத்துக்குக் கொண்டுபோகும் லேப்டாப்பில் அதை ‘ஆல்’லில் விட்டுவைக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, ‘மெயில் வந்திருக்கிறதா?’ என்று போய்ப் பார்க்கும் வேலை. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 4.0 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தில் புது மெயில் வந்தால் சொல்வதற்கென்றே ‘பிஃப்’ என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. பிஃப் என்பது அங்கே இருந்த ஹைடி ஸ்டெட்னரின் நாயின் பெயர். தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும் என்பதால்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று ரொம்ப நாளாக ஒரு கதை உலவியது. அப்படியெல்லாம் இல்லை என்று நாயின் சொந்தக்காரரே சொல்லிவிட்டார். இன்றைக்கும் தண்டர்பேர்டின் கான்ஃபிக் எடிட்டரைத் திறந்து ‘பிஃப்’ என்று தேடினால், புது மெயில் அறிவிப்பு தொடர்பான அமைப்புகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் வரிசையாக வரும். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த நாய் வேலையில் இருக்கிறது.

தண்டர்பேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரைக் கேட்கும். அவுட்லுக்கின் தானியங்கி ‘சென்ட்/ரிசீவ்’ 30 நிமிடத்துக்கு ஒரு முறை. 10 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு கணக்குக்கு 144 முறை. நான்கு கணக்கு வைத்திருந்தால் 576. பரபரப்பில் யாராவது இதை 1 நிமிடமாக மாற்றி வைத்திருந்தால், ஒரு கணக்குக்கே 1,440. ஒவ்வொரு தடவையும் போகும் டேட்டா சில கேபி மட்டுமே, அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரிக்குத்தான் அடி. மொபைல் நெட்வொர்க்கில் ஒரு சின்னத் தகவல் போய் வந்த பிறகும் ரேடியோ உடனே உறங்காது, இன்னும் ஏதாவது வருமோ என்று சில விநாடிகள் விழித்தே இருக்கும். அதனால் ஒரே மூச்சில் 5 எம்பி இறக்குவதைவிட, 5 கேபி வீதம் அடிக்கடி தொட்டுத் தொட்டு எழுப்புவது பேட்டரியை அதிகம் கரைக்கும்.

இந்தக் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலையைக் குறைக்கத்தான் 1997இல் ஆர்எஃப்சி 2177 வந்தது (இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஆவணங்களுக்குப் பெயர் ஆர்எஃப்சி). ஐமேப்பில் ‘ஐடில்’ என்ற கட்டளையைச் சேர்த்தது அதுதான். போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு, மறுமுனை பேசட்டும் என்று காத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு. மென்பொருள் ‘ஐடில்’ என்று சொல்லும். சர்வர் ஒரு கூட்டல் குறியோடு ‘சரி, இருக்கிறேன்’ என்று பதில் தரும். அப்புறம் இரண்டு பக்கமும் மௌனம். புது மெயில் வந்து விழுந்ததும் சர்வரே ஒரு நட்சத்திரக் குறி போட்டு ‘24 எக்ஸிஸ்ட்ஸ்’ என்று ஒரு வரி அனுப்பும், அதாவது ஃபோல்டரில் இப்போது 24 மெயில் இருக்கிறது. மென்பொருள் ‘டன்’ என்று சொல்லிவிட்டு வந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி ‘ஐடில்’. சலனமே இல்லாத இணைப்பை 30 நிமிடத்தில் துண்டித்துவிட சர்வருக்கு உரிமை உண்டு என்பதால், ஒன்றும் வராவிட்டாலும் 29 நிமிடத்துக்குள் ஒரு தடவை இதைப் புதுப்பிக்கச் சொல்கிறது அந்த ஆவணம்.

கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஓர் இணைப்பு ஒரு ஃபோல்டரைத்தான் இப்படிக் கவனிக்க முடியும். ஐந்து ஃபோல்டரைக் கவனிக்க வேண்டுமானால் ஐந்து இணைப்பு. தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு வழக்கமாக 5 இணைப்புவரை கையில் வைத்துக்கொள்ளும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே சமயத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் அனுமதிக்கிறது. வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, கையில் ஒரு லேப்டாப் என்று மூன்று கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்கைத் திறந்து வைத்திருந்தால் அந்த 15ம் அத்தோடு முடிந்தது. நான்காவதாக வரும் போன், ‘இணைப்புகள் அதிகமாகிவிட்டன’ என்று சர்வர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இருக்கும் மூன்றில் இரண்டின் முன்னால் ஆளே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். கணக்கின் ‘சர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தில் அட்வான்ஸ்டுக்குள் போய் இந்த 5ஐ 2 ஆக்கிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மறதியாக விட்டுவிடும் இன்னொன்று செய்தி ஓடைகள், அதாவது இணையதளங்களின் புதிய பதிவுகளைக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஃபீட்கள். அவற்றுக்கு மெயிலோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக ஓர் இடைவெளி இருக்கும். மெயிலை அடக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது அவை தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம், டேட்டா, பேட்டரி சமாசாரம். உண்மையைச் சொன்னால் இவற்றுக்காக மட்டும் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. ஆள் இல்லாத இடத்தில் ஓடும் மெயில் மென்பொருள் சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. உங்கள் பெயரில் காரியம் பண்ணுகிறது.

ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். நிர்வாகத்திலிருந்து வரும் மெயில் எல்லாம் ‘நிர்வாகம்’ ஃபோல்டருக்குப் போகட்டும் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விதி போட்டிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கும்போது அது ரொம்ப வசதி. இப்போது வெளியூரில் இருக்கிறீர்கள், வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மெயில் வருகிறது. போன் ஒரு தடவை அதிர்கிறது, திரையில் தலைப்பு மின்னுகிறது. கையை எடுத்துத் தட்டுவதற்குள் இன்பாக்ஸில் அது இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே நொடியில் ஐடில் வழியாகத் தகவல் போய், அது கடமை தவறாமல் மெயிலைத் தூக்கி வேறு ஃபோல்டரில் வைத்துவிட்டது. போனோ இன்பாக்ஸை மட்டும்தான் கவனிக்கிறது. ‘மெயில் வந்த மாதிரி இருந்தது, காணோம்’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பேய் எதுவும் பிடிக்கவில்லை, வீட்டில் ஒரு மெயில் மென்பொருள் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்பேம் பிரிப்பதும் அப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஜங்க் ஃபில்டர் தவறாக ஒன்றைக் குப்பையில் போட்டால், நீங்கள் அருகில் இருந்தால் ஒரு சொடுக்கில் எடுத்துவிடலாம். ஊரில் இல்லாதபோது அது குப்பை ஃபோல்டரில் கிடக்கும், ஃபோல்டரைத் தானாகக் காலி செய்யும்படி வேறு வைத்திருந்தால் போயே போய்விடும்.

மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப்3 இன்னும் மோசம். 1996இன் ஆர்எஃப்சி 1939 வகுத்த முறைப்படி, ஒரு மென்பொருள் பெட்டியைத் திறந்தால் அதை முடிக்கும்வரை பெட்டி அதற்கென்று பூட்டப்படும். அந்த நேரத்தில் இன்னொன்று வந்தால் கதவு திறக்காது. அதோடு, ‘இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கு’ என்று அமைத்திருந்தால், மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் 10 நிமிடத்துக்கு ஒரு முறை வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். உங்கள் போனுக்குக் காலிப் பெட்டிதான். வெளியே கிளம்பும் முன் தவறாமல் மூட வேண்டிய மென்பொருள் ஒன்று உண்டென்றால், அது பாப்3 கணக்கு வைத்திருக்கும் மென்பொருள்.

ஐமேப்பில்கூட இதைப் போன்ற ஒரு நுட்பமான தொந்தரவு இருந்தது. புதிதாக வந்த மெயிலுக்கு சர்வர் ‘ரீசென்ட்’ என்று ஒரு குறி போடும். முதலில் யார் வந்து பார்க்கிறாரோ அவருக்கு மட்டும்தான் அந்தக் குறி தெரியும். அடுத்து வருபவருக்கு அது புதிய மெயில் இல்லை. ஆளில்லாத கம்ப்யூட்டர் முந்திக்கொண்டால், அந்தக் குறியை நம்பி அறிவிப்புத் தரும் மென்பொருள் வாயைத் திறக்காது. 2021இல் வந்த ஐமேப்பின் புதிய வரையறையான ஆர்எஃப்சி 9051 இந்தக் குறியையே கைவிட்டுவிட்டது. நல்ல முடிவு.

எல்லாவற்றையும்விட ஆளை அலைக்கழிப்பது பாஸ்வேர்ட். என் நண்பர் ஒருவர் விடுமுறையில் இருந்தபோது, காலாவதி ஆகிறது என்ற எச்சரிக்கை வந்ததால், அலுவலகக் கணக்கின் பாஸ்வேர்டைப் போனிலேயே மாற்றினார். கொஞ்ச நேரத்தில் கணக்கு பூட்டிக்கொண்டது. ஐடி உதவி மையத்தை அழைத்துத் திறந்துவிடச் சொன்னார். திறந்தார்கள். மறுபடி பூட்டிக்கொண்டது. யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று மனிதருக்கு வேர்த்துவிட்டது. மூன்றாவது முறை அழைத்தபோது எடுத்த பையன்தான் கேட்டானாம், “சார், உங்க டெஸ்க்ல இருக்கிற சிஸ்டம்ல மெயில் ஓபன்லயே இருக்கா?” இருந்தது. அது பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, இடைவெளி தவறாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சர்வரின் கண்ணுக்கு அது தொடர்ந்து தவறான பாஸ்வேர்ட் போடும் ஆசாமி, பூட்டத்தானே செய்யும்? “அதை யாரையாவது ஷட் டவுன் பண்ணச் சொல்லுங்க சார், அப்புறம் நான் அன்லாக் பண்றேன்” என்றான். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

எல்லா மென்பொருளும் இப்படி முட்டிக்கொள்வதில்லை. சில, ஒரு தடவை தோற்றதும் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கூகுள் 2022 மே இறுதியில் தனிப்பட்ட கணக்குகளுக்கு மெயில் மென்பொருள்களில் வெறும் பாஸ்வேர்ட் வழி உள்நுழைவை நிறுத்தியதும், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதே ஆண்டு அக்டோபரிலிருந்து பழைய முறையை அணைக்கத் தொடங்கியதும் இந்த வம்பைக் குறைத்திருக்கின்றன. பாஸ்வேர்டுக்குப் பதிலாக மென்பொருள் வைத்திருக்கும் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு செல்லாமல் போனால் மறுபடி உள்நுழையச் சொல்லும், கணக்கு பூட்டிக்கொள்வது அபூர்வம். ஆனால் சொந்த சர்வர் நடத்தும் நிறுவனங்கள் இன்னும் நிறையவே இருக்கின்றன.

போன்களில் இந்த விஷயத்தை ஓரளவு ஒழுங்குபடுத்திவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2015இல் ஆண்ட்ராய்டு 6.0வோடு ‘டோஸ்’ வந்தது. சார்ஜரில் இல்லாத போன், திரை அணைந்து, அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் ஆப்களின் நெட்வொர்க்கை நிறுத்திவைத்துவிட்டு, அவ்வப்போது ஒரு சின்ன அவகாசம் மட்டும் திறந்துவிடும். அந்த அவகாசங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி போகப் போக நீண்டுகொண்டே போகும். ஐபோனில் ‘ஃபெட்ச்’ பக்கத்தில் ‘ஆட்டோமேட்டிகலி’ என்று வைத்தால், சார்ஜரிலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் மெயிலை எடுக்கும். ‘ஆள் இல்லை, பேட்டரியில் இருக்கிறேன், ஆகவே அடங்கி இருக்கிறேன்’ என்ற புத்தி போனுக்கு வந்துவிட்டது.

டெஸ்க்டாப்பில் அந்தப் புத்தி ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத புதிர். நீங்கள் எழுந்து போனது அதற்குத் தெரியாமல் இல்லை. கடைசியாகக் கீபோர்டைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று விண்டோஸ், மேக், லினக்ஸ் எதைக் கேட்டாலும் சொல்லும். அந்தத் தகவலை வைத்துத்தானே இண்டெக்ஸ் வேலையைத் தொடங்குகிறது? அதே தகவலை வைத்துக்கொண்டு சரிபார்க்கும் இடைவெளியை நீட்டலாம். முதலில் 10 நிமிடம், பிறகு 20, 40, 80, அதற்கு மேல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. சாயங்காலம் எழுந்து போனவர் 16 மணி நேரம் கழித்துக் காலையில் வருகிறார் என்றால், 96 தடவைக்குப் பதிலாக 10 தடவை போதும். மவுஸ் அசைந்த உடனே ஒரு முறை பார்த்துவிட்டால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. இப்படி ஒரு டிக் பெட்டி நான் பயன்படுத்திய டெஸ்க்டாப் மென்பொருள் எதிலும் கண்ணில் படவில்லை. ‘எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை’ என்ற ஒற்றைக் கட்டம்தான், ஆள் இருந்தாலும் அதே எண், இல்லாவிட்டாலும் அதே எண்.

ஆகவே கையால்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அரை மணி, ஒரு மணி நேரப் பிரிவுக்கு நான் எதுவும் செய்வதில்லை, பண்ணுகிற மெனக்கெடலுக்குப் பலன் இல்லை. ராத்திரி முழுக்க என்றால் கம்ப்யூட்டரைத் தூங்கவிடுவதே சிறந்த வழி. மெயில் மென்பொருள் தின்னும் மின்சாரம் அற்பம், அதற்காக என்று மொத்தக் கம்ப்யூட்டரையும் விழித்திருக்க விடுவதுதான் வீண். தூங்கும்போதும் மெயில் பார்க்கும் ஏற்பாடுகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2012இல் மேக்கில் வந்த பவர் நாப் அப்படிப்பட்டது, விண்டோஸ் லேப்டாப்களில் மாடர்ன் ஸ்டாண்ட்பை. பையில் வைத்த லேப்டாப் சூடாக வெளியே வந்தால் முதலில் அந்தப் பக்கம் பாருங்கள்.

கம்ப்யூட்டர் வேறு காரணத்துக்காக ஓடியே ஆக வேண்டும், மெயில் மட்டும் அடங்க வேண்டும் என்றால், தண்டர்பேர்டின் கீழ் இடது மூலையில் இருக்கும் சின்ன ஐகானைச் சொடுக்கினால் ‘ஒர்க் ஆஃப்லைன்’. அவுட்லுக்கில் சென்ட்/ரிசீவ் பட்டையில் அதே பெயரில் ஒரு பொத்தான். இதைத் தினமும் ஞாபகம் வைத்துச் செய்ய முடியாதவர்களுக்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் உதவும். திரையைப் பூட்டும்போது ஒரு வேலை நடக்கட்டும், திறக்கும்போது இன்னொன்று நடக்கட்டும் என்று அதில் சொல்லலாம். பூட்டும்போது மெயிலை முறையாக மூடு, திறக்கும்போது தொடங்கு. ‘முறையாக’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். வலுக்கட்டாயமாகக் கொல்லும் கட்டளையைக் கொடுத்தால், அது காம்பேக்ட் செய்துகொண்டிருந்த நேரமாக இருந்தால் வினை. பாதி எழுதிய மெயில் திறந்திருந்தால் மூடுவதற்கு முன் ‘சேமிக்கவா?’ என்று கேட்டு நிற்கும். நின்றால் நிற்கட்டும், அதுதான் சரி.

பல நாள் வெளியே போகிறேன் என்றால் மூடிவிட்டே போக வேண்டும், கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாகத் திறக்கும் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போய்வந்து கம்ப்யூட்டர் தானாக எழுந்தால் அதுவும் கூடவே எழுந்துவிடும். அப்போது ஃபில்டர்களை யார் பார்ப்பது? அவை சர்வரில் இருக்க வேண்டியவை. இதற்கென்றே ‘சீவ்’ என்ற மொழி இருக்கிறது, 2008இன் ஆர்எஃப்சி 5228. பல சேவைகளின் வெப்மெயிலில் ‘ரூல்ஸ்’ அல்லது ‘ஃபில்டர்ஸ்’ என்ற பெயரில் நீங்கள் பார்ப்பது இதையோ இதைப் போன்ற ஒன்றையோதான். ‘நான் ஊரில் இல்லை’ என்று தானாகப் பதில் அனுப்பும் வசதியும் சர்வரில்தான் இருக்க வேண்டும். சீவின் ‘வெக்கேஷன்’ ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் அனுப்பாது. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒருவருக்கு ஒரு பதில், அப்புறம் குறைந்தது 7 நாள் மௌனம். இதையே டெஸ்க்டாப் விதியாக எழுதி, அது ஓட வேண்டும் என்பதற்காக விடுமுறை முழுக்கக் கம்ப்யூட்டரைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவுட்லுக்கில் ‘கிளையண்ட் ஒன்லி’ என்று குறி விழும் விதிகள் இந்த ரகம். ஒவ்வொன்றாக எடுத்து, சர்வருக்குப் போகக்கூடியதைப் போகவிட்டு, மற்றதை அணைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சர்வர் பிரிக்கும் ஃபோல்டர்களில் முக்கியமானது எதுவோ அதற்கும் போனில் அறிவிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் மென்பொருளைத் திறக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. ஆஃப்லைனில் இருந்தபோது எழுதி அனுப்பிய மெயில்கள் அவுட்பாக்ஸில் காத்துக்கொண்டிருக்கும். கிளம்பும் அவசரத்தில் ஒரு பதிலை எழுதி ‘சென்ட்’ அழுத்தியிருப்பீர்கள். அது போகவில்லை என்று பிறகு தெரிந்து, போனிலிருந்து வேறு மாதிரி ஒரு பதிலை அனுப்பியிருப்பீர்கள். அந்தப் பழைய பதில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இணைப்பு வந்ததும் அது கிளம்பிவிடும், பெறுபவருக்கு முன்னுக்குப் பின் முரணாக இரண்டு பதில்கள். தண்டர்பேர்டில் ஆஃப்லைன் அமைப்புகளில், ஆன்லைனுக்கு வரும்போது அனுப்பாத மெயில்களை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ‘ஆஸ்க் மீ’ என்று வைத்திருந்தால் கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். அவுட்லுக்கில் ‘ஒர்க் ஆஃப்லைன்’ பொத்தானை எடுப்பதற்கு முன்பே அவுட்பாக்ஸைத் திறந்து, இருப்பதைப் படித்து, வேண்டாததை நீக்கிவிடுங்கள்.